ஐசியூவில் தசை கரைவதும் மின் அக்குபங்சரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவர்களின் கை கால்களை அசைப்பது, கட்டில் விளிம்பில் உட்காரவைப்பது, முடிந்தால் நிற்கவைப்பது. இதுதான் என் வேலை. பிசியோதெரபிஸ்ட். அக்குபங்சர் செய்பவன் இல்லை. அதைக் கேலி செய்பவனும் இல்லை. வெளியே நாற்காலிகளில் நாள்கணக்காகக் காத்திருக்கும் உறவினர்கள் செல்போனில் வந்த ஏதோ ஒரு காணொளியைக் காட்டி, "சார், காலில் ஊசி குத்தி கரண்ட் கொடுத்தால் தசையும் கரையாதாம், உள்ளே இருக்கும் அழற்சியும் குறையுமாம், எங்க அப்பாவுக்குச் செய்யலாமா?" என்று கேட்கிறார்கள். நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதிவைத்தேன்.

பத்து நாள்தான் ஐசியூவில் இருந்தார். தொடை இப்படிச் சூம்பிவிட்டதே, இது வழக்கமா?

வழக்கம்தான். 2013இல் லண்டனில் சுதின் புதுச்சேரி என்ற மருத்துவரின் குழு, வென்டிலேட்டரில் இருந்த 63 நோயாளிகளின் முன்தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தது. பத்தாம் நாளில் அந்தத் தசையின் குறுக்குப் பரப்பு சராசரியாக 17.7 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே ஓர் உறுப்பு மட்டும் செயலிழந்தவர்களுக்கு முதல் வாரத்தில் 3 சதவீதம் அளவுக்கே இழப்பு. பல உறுப்புகள் செயலிழந்தவர்களுக்கோ அதே ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட 16 சதவீதம்.

வீட்டார் பலர் இதைத் தாமதமாகத்தான் கவனிக்கிறார்கள். முதல் வாரம் உடம்பில் நீர் கோத்து கால் பருத்தே தெரியும். நீர் வடிந்த பிறகு பார்த்தால் எலும்பும் தோலுமாக இருக்கும். "நேற்றுவரை நன்றாக இருந்தாரே" என்பார்கள். நேற்று பார்த்தது தசை இல்லை, தண்ணீர்.

படுத்தே கிடப்பதால்தானே இப்படி ஆகிறது?

அதுவும் ஒரு காரணம். ஆனால் எலும்பு முறிந்து வீட்டில் படுத்திருப்பவருக்கு இவ்வளவு வேகமாகத் தசை போவதில்லை. இங்கே கூடுதலாக நடப்பது அழற்சி, அதாவது நோயை எதிர்க்க உடம்பு தனக்குள் மூட்டும் தீ. செப்சிஸ், அதாவது தொற்றுக்கு உடம்பே கட்டுக்கடங்காமல் எதிர்வினை காட்டி உறுப்புகள் கெடும் நிலை, வந்தவரின் ரத்தத்தில் டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற சமிக்ஞைப் புரதங்கள் ஏறுகின்றன. அவை தசைச் செல்லுக்குள் புரதத்தை உடைக்கும் இயந்திரத்தை முடுக்கிவிடுகின்றன. அதே வேளையில் புதுப் புரதம் கட்டுவது மந்தமாகிறது. உடைந்த புரதத்தின் அமினோ அமிலங்களைக் கல்லீரலும் நோய் எதிர்ப்புச் செல்களும் எடுத்துக்கொள்கின்றன. பஞ்சத்தில் விதைநெல்லைக் குத்திச் சமைப்பது மாதிரி. அன்றைய பொழுது கழியும், அடுத்த போகத்துக்கு ஒன்றும் இருக்காது.

நரம்பும் பாதிக்கப்படுகிறது. 1984இல் கனடாவைச் சேர்ந்த சார்லஸ் போல்டன், உயிர் பிழைத்தும் வென்டிலேட்டரை விட்டு வர முடியாத சிலருக்குக் கை கால் நரம்புகளே கெட்டுப்போயிருப்பதைக் காட்டினார். மயக்க மருந்து, தசையைத் தளர்த்தும் மருந்து, ஏறி இறங்கும் சர்க்கரை எல்லாம் இதோடு சேர்ந்துகொள்ளும். ஸ்டீராய்டு ஒரு விசித்திரம்: அழற்சியைக் குறைக்கும், தசையையும் கரைக்கும். "அழற்சியைக் குறைத்தால் தசை தப்பிவிடும்" என்று நேர்க்கோட்டில் யோசிக்க முடியாது என்பதற்கு அது ஒன்றே போதும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் தசை. தெரியாத ஒன்று உதரவிதானம், அதாவது மூச்சுக்கான முக்கியத் தசை. மூளைச்சாவு அடைந்த உறுப்புக் கொடையாளர்களிடம் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. 18 முதல் 69 மணி நேரம் வென்டிலேட்டர் முழுவதுமாக மூச்சுவிட்டுக் கொடுத்ததிலேயே அந்தத் தசையின் நார்கள் பாதிக்கு மேல் மெலிந்திருந்தன. மூன்று நாள்கூட ஆகவில்லை!

உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்தால் தசை தானாகத் திரும்பிவிடாதா?

சிலருக்குத் திரும்பும். சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும். டொரண்டோவில் கடுமையான நுரையீரல் செயலிழப்பிலிருந்து பிழைத்த 109 பேரை மார்கரெட் ஹெரிட்ஜ் குழு தொடர்ந்து பார்த்தது, 2003இல் வெளியிட்டது. ஓராண்டு முடிவில் நுரையீரல் பெருமளவு தேறியிருந்தது. ஆனால் ஆறு நிமிடத்தில் அவர்கள் நடந்த தூரம், அவர்கள் வயதுக்கு எதிர்பார்க்கும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். காரணம் நுரையீரல் இல்லை, தசையின் பலவீனம். நோய் வந்தது நெஞ்சில், தங்கிப்போனது காலில்.

பலவீனத்தை டாக்டர்கள் எப்படி அளக்கிறார்கள்?

விழித்து, சொன்னதைக் கேட்டுச் செய்யக்கூடியவராக இருந்தால், தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று இரு பக்கமும் ஆறு இடங்களில் பலத்தைப் பார்ப்போம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 60. 48க்குக் கீழே வந்தால், வேறு காரணம் தெரியாத நிலையில், ஐசியூவால் வந்த பலவீனம் என்போம். மயக்கத்தில் இருப்பவரிடம் இதைச் செய்ய முடியாது. அப்போது அல்ட்ராசவுண்டில் தொடைத் தசையின் தடிமனைப் பார்ப்பார்கள். தடிமன் என்பது பலம் இல்லை. இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, மின் அக்குபங்சர் என்றால் என்ன?

முடியைப் போன்ற மெல்லிய எஃகு ஊசி, ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிமன். அதைத் தசைக்குள் செலுத்தி, இரண்டு ஊசிகளைச் சிறிய கிளிப்பால் ஒரு பேட்டரிக் கருவியோடு இணைத்து, விட்டுவிட்டு மின்துடிப்பு கொடுப்பார்கள். பொதுவாக இருபது, முப்பது நிமிடம். மின்சாரம் சில மில்லிஆம்பியர்தான்.

இது சீனாவின் பழம்பெரும் முறை என்று நினைத்தால், பாதிதான் சரி. ஊசி பழையது, கரண்ட் பழையது இல்லை. ஊசியோடு மின்சாரத்தைச் சேர்த்து 1825இல் புத்தகம் போட்டவர் சார்லாந்தியேர் என்ற பிரெஞ்சு மருத்துவர். சீனாவில் இது பெரிதாகப் பரவியது 1950களுக்குப் பிறகு, அறுவை சிகிச்சையில் வலி குறைக்கப் பயன்படுத்தத் தொடங்கியபோது. பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் என்ற விஞ்ஞானி, ஒரு நொடிக்கு 2 துடிப்பு கொடுத்தால் ஒரு வகை வலிநிவாரணப் பொருளும் 100 துடிப்பு கொடுத்தால் வேறொரு வகையும் நரம்பு மண்டலத்தில் சுரப்பதைக் காட்டினார். ஆக, எந்த இடம், எத்தனை துடிப்பு, எவ்வளவு மின்சாரம் என்பதெல்லாம் மருந்தின் அளவு மாதிரி. "மின் அக்குபங்சர் செய்தோம்" என்று மட்டும் சொல்வது "மாத்திரை கொடுத்தோம்" என்று சொல்வதற்குச் சமம்.

ஐசியூ ஆய்வுகளில் அதிகம் அடிபடும் இடம் சூசான்லி. அக்குபங்சர்காரர்கள் எஸ்டி 36 என்பார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல் அளவு இறங்கி, கீழ்க்கால் எலும்பின் முன்விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளிப்புறம் தள்ளினால் அங்கே இருக்கும். பாதத்தை மேலே தூக்கும் தசை அது. போதுமான அளவு கரண்ட் கொடுத்தால் பாதம் துடிதுடித்து மேலே எழும்பும்.

காலில் குத்தினால் உடம்பு முழுக்க இருக்கும் அழற்சி எப்படிக் குறையும்? நம்பும்படி இல்லையே.

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இந்த விஷயத்தில் என்னை உட்காரவைத்துப் படிக்கவைத்த பகுதியே இதுதான்.

கதை வேகஸ் நரம்பிலிருந்து தொடங்குகிறது. மூளைத்தண்டிலிருந்து கிளம்பிக் கழுத்து வழியாக இதயம், நுரையீரல், குடல்வரை இறங்கும் நீளமான நரம்பு. 2000இல் நியூயார்க்கில் கெவின் ட்ரேசியின் குழு, பாக்டீரியா நச்சு ஏற்றப்பட்ட எலிகளுக்கு இந்த நரம்பை மின்சாரத்தால் தூண்டியது. டிஎன்எஃப் உற்பத்தி குறைந்தது. அதாவது அழற்சிக்கு நரம்பு வழியாக ஒரு பிரேக் இருக்கிறது. அதுவரை நோய் எதிர்ப்பு மண்டலம் தன் போக்கில் ரத்தத்தில் மிதந்து வேலை செய்கிறது என்றுதான் பெரும்பாலும் பேசிவந்தார்கள்.

சரி, அந்தப் பிரேக்கைக் கழுத்தை அறுக்காமல் மிதிக்க முடியுமா? 2014இல் லூயிஸ் உயோவாவின் குழு செப்சிஸ் வந்த சுண்டெலிகளுக்குச் சூசான்லி இடத்தில் மின் ஊசி கொடுத்தது. அழற்சிப் புரதங்கள் குறைந்தன, பிழைத்த எலிகள் கூடின. காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பை வெட்டினால் பலன் இல்லை. வேகஸை வெட்டினாலும் இல்லை. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்டாலும் இல்லை. ஆக, செய்தி காலிலிருந்து முதுகுத்தண்டு வழியே மூளைக்கு ஏறி, வேகஸ் வழியே அட்ரினலுக்கு இறங்குகிறது. அங்கே டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது அழற்சியை அடக்குகிறது. ஒவ்வொரு கண்ணியாக வெட்டிப் பார்த்து நிரூபித்ததால் இந்த ஆய்வுக்கு ஒரு கனம் உண்டு.

அடுத்து ஹார்வர்டில் சியூஃபூ மா குழு. 2020, 2021இல் வந்த இரண்டு ஆய்வுகளில் அவர்கள் இன்னும் நுணுக்கமாகப் போனார்கள். பின்னங்காலில் குறைந்த கரண்ட், அரை மில்லிஆம்பியர், கொடுத்தால் இந்த வேகஸ் பாதை திறக்கிறது. அதே கரண்டை வயிற்றில் கொடுத்தால் திறப்பதில்லை. ஏன்? காலின் ஆழமான சவ்வுகளில் ஒரு குறிப்பிட்ட வகை உணர்வு நரம்பு முனைகள் இருக்கின்றன, வயிற்றின் சவ்வில் அவை இல்லை. அந்த நரம்புகளை மட்டும் அழித்தால் ஊசியின் பலனும் போய்விடுகிறது.

என் வாசிப்பில் இது இரு தரப்பையும் கொஞ்சம் சங்கடப்படுத்தும் முடிவு. "எங்கே குத்தினாலும் ஒன்றுதான், எல்லாம் மனப்பிரமை" என்றவர்கள் சுண்டெலிக்கு மனப்பிரமை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். "நாடிகளில் சக்தி ஓடுகிறது, விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது" என்பவர்களுக்கோ, கிடைத்தது நாடி இல்லை, நரம்பு முனை.

அப்படியானால் நோயாளிக்குக் கொடுப்பதில் என்ன தயக்கம்? பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே?

அதே 2020 ஆய்வில் இன்னொரு முடிவு இருக்கிறது. காணொளிகளில் அது வருவதில்லை. வயிற்றில் அதிக கரண்ட் கொடுத்தபோது வேலை செய்தது வேறு பாதை, மண்ணீரலுக்குப் போகும் சிம்பதெடிக் நரம்புகள், அதாவது ஆபத்தில் உடம்பை முடுக்கிவிடும் நரம்புகள். நச்சு ஏற்றுவதற்கு முன்பு கொடுத்தால் எலிகளுக்கு நன்மை. ஏற்றிய பிறகு கொடுத்தால் அழற்சி அதிகமாகியது. ஒரே இடம், ஒரே கரண்ட், நேரம் மட்டும் மாறியதும் பலன் தலைகீழ். ஐசியூவுக்கு வருகிறவர் எல்லாருமே அழற்சி தொடங்கிய பிறகு வருகிறவர்கள்தானே.

அப்புறம், எலியைக் காப்பாற்றியது மனிதரைக் காப்பாற்றாமல் போன வரலாறு செப்சிஸில் நீளமானது. டிஎன்எஃபைத் தடுக்கும் மருந்துகள் எலியில் பிரமாதம். நோயாளிகளிடம் எதிர்பார்த்தபடி எதுவும் நடக்கவில்லை. ஆக்டிவேட்டட் புரோட்டீன் சி என்ற விலை உயர்ந்த மருந்து சந்தைக்கே வந்து, பத்து வருடம் உலகமெங்கும் பயன்படுத்தப்பட்டு, உயிரைக் காப்பதில்லை என்று பெரிய ஆய்வில் தெரிந்ததும் 2011இல் திரும்பப் பெறப்பட்டது. ஆய்வகச் சுண்டெலி இளசு, ஆரோக்கியமானது, நோய் எப்போது தொடங்கியது என்று நிமிடக் கணக்கில் தெரியும். நம் நோயாளிக்கு அறுபத்தெட்டு வயது, இருபது வருடச் சர்க்கரை, வீட்டில் மூன்று நாள் காய்ச்சலோடு இருந்துவிட்டு வந்தவர்.

அழற்சி இருக்கட்டும். தசைக்கு நேரடியாக என்ன செய்கிறது?

இதுவும் பெரும்பாலும் விலங்கு ஆய்வுதான். தசை வளர்ச்சிக்குப் பிரேக் போடும் மையோஸ்டாட்டின் என்ற புரதம் உண்டு. மின் அக்குபங்சர் சுண்டெலித் தசையில் அதன் மரபணுச் செயல்பாட்டைக் குறைக்கிறது என்று 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2015இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகக் குழு, சிறுநீரகம் செயலிழந்த சுண்டெலிகளுக்கு ஊசி வழியே குறைந்த அலைவெண் மின்தூண்டல் கொடுத்தது. தசை இழப்பு குறைந்தது. தசையை வளர்க்கும் ஐஜிஎஃப்-1 என்ற புரதம் கூடியது. தசை சுருங்கி விரிந்தால் இது நடப்பதில் ஆச்சரியம் இல்லை. உடற்பயிற்சியும் இதைத்தான் செய்கிறது. படுத்திருப்பவர் செய்ய முடியாத உடற்பயிற்சியைக் கரண்ட் செய்யவைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

நோயாளிகளிடம் செய்து பார்த்த ஆய்வுகள் இல்லையா?

இருக்கின்றன, பெரும்பாலும் சீன மருத்துவமனைகளில். அநேகமாகச் சில பத்துப் பேர், அதிகம் போனால் நூற்றுச் சொச்சம் பேர். செப்சிஸ் நோயாளிகளின் குடல் இயக்கம், ரத்தத்தில் அழற்சிப் புரதங்களின் அளவு, தொடைத் தசையின் தடிமன் ஆகியவற்றைப் பார்த்திருக்கிறார்கள். பல ஆய்வுகள் சாதகமாகவே சொல்கின்றன.

நான் இவற்றைப் படிக்கும்போது முதலில் தேடுவது மூன்று விஷயங்களை. ஒன்று, ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் என்றால், ஊசிக் குழுவுக்குத் தினமும் அரை மணி நேரம் கூடுதலாக ஒருவர் பக்கத்தில் நின்றிருக்கிறார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டு, அல்ட்ராசவுண்ட் பிடித்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியுமா? தோல்மேல் வைக்கும் ஸ்கேன் முனையை, அதாவது புரோபை, ஒரு அழுத்து அழுத்தினால் ஒரு மில்லிமீட்டர் மாறிவிடும். வேண்டுமென்று செய்ய வேண்டியதில்லை, மனமே கையை நகர்த்திவிடும். மூன்று, கடைசியில் அந்த நோயாளி நடந்தாரா? ரத்தத்தில் ஒரு எண் இறங்கியது, திரையில் தடிமன் கூடியது என்பதோடு பல ஆய்வுகள் நின்றுவிடுகின்றன. மூன்று மாதம் கழித்து அவர் தானாகக் கழிவறைக்குப் போனாரா என்பதுதான் என் நோயாளி கேட்கும் கேள்வி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1998இல் வெளியான ஓர் அலசல், சீனாவில் நடந்து அச்சேறிய அக்குபங்சர் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. அத்தனையும் சாதகம். ஒன்றுகூடத் தோற்கவில்லை! உலகத்தில் எந்தச் சிகிச்சைக்கும் அப்படி அமையாது. தோற்றவை மேசை இழுப்பறையில் கிடக்கின்றன என்றுதான் அர்த்தம். அதற்குப் பின் ஆய்வு முறைகள் மேம்பட்டிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் பல நாடுகளில், பல மருத்துவமனைகளில், ஆயிரக்கணக்கானோரிடம் செய்த ஆய்வு வரும்வரை இதை நம்பிக்கை தரும் ஒரு யோசனை என்பேன்; சிகிச்சை என்று சொல்ல மாட்டேன்.

ஒரு வேடிக்கை: அக்குபங்சர் ஆய்வுகளில் பெரிய தலைவலி போலி ஊசி. விழித்திருப்பவர் கண்டுபிடித்துவிடுவார், நம்பிக்கையாலேயே வலி குறைந்துவிடும். ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவருக்கோ எதிர்பார்ப்பே இல்லை. சுத்தமான ஆய்வு நடத்த ஐசியூதான் ஏற்ற இடம்.

ஊசி எதற்கு? பிசியோதெரபியில் தோல்மேல் பேட் ஒட்டிக் கரண்ட் கொடுப்பீர்களே, அது போதாதா?

இதைக் கேட்டவர் ஓர் எலக்ட்ரீசியன். நல்ல கேள்வி. பேட் ஒட்டும் மின்தூண்டல் ஐசியூவில் பல வருடமாக ஆராயப்பட்டுவருகிறது. ஏதென்ஸில் ஒரு குழு 2010 வாக்கில் இது பலவீனத்தைத் தடுக்கிறது என்று காட்டியது. பிறகு வந்த ஆய்வுகளின் முடிவுகள் கலவையாகவே இருக்கின்றன. பெல்ஜியத்தில் கவனித்த ஒரு நடைமுறைச் சிக்கலை நானும் கண்ணால் பார்க்கிறேன்: செப்சிஸும் நீர்க்கோப்பும் இருப்பவரின் தசை கரண்ட் கொடுத்தாலும் சுருங்குவதே இல்லை. நீர் கோத்த தோலைத் தாண்டிக் கரண்ட் உள்ளே போகாதது ஒரு காரணம். நோயால் தசைச் செல்லின் உறையே தூண்டலுக்கு மசியாமல் போவது இன்னொன்று. ஊசி முதல் பிரச்சினையைத் தாண்டிவிடும், நேராகத் தசைக்குள் போவதால். இரண்டாவதை அதனாலும் தாண்ட முடியாது.

அதனால் எனக்குப் பிடித்த ஆய்வு இன்னும் என் கண்ணில் படவில்லை: ஒரு பக்கம் ஊசி, மறுபக்கம் பேட், இருவருக்கும் ஒரே அளவு தசைத் துடிப்பு. வித்தியாசம் வந்தால் ஊசிக்குப் பெருமை. வராவிட்டால் வேலை செய்தது கரண்ட்தான்.

இடத்திலும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. சூசான்லி பாதம் தூக்கும் தசையில் இருக்கிறது. நாற்காலியிலிருந்து எழத் தேவைப்படுவது முன்தொடை. அழற்சிக்காகக் கீழ்க்காலில் குத்துவது புரிகிறது. தசைக்காக என்றால் தொடையிலும் குத்த வேண்டும். எல்லா ஆய்வுகளும் இதைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆபத்து என்ன?

வெளியே நடமாடும் ஒருவருக்கு, தேர்ந்தவர் கையில், அக்குபங்சர் ஓரளவு பாதுகாப்பானது. ஐசியூ நோயாளி வேறு ரகம். செப்சிஸில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஓடிக்கொண்டிருக்கும். ஊசி ஏறிய இடத்தில் தசைக்குள் ரத்தம் கட்டலாம். வெள்ளணுக்கள் குறைந்தவருக்குச் சின்னத் துளையும் தொற்றுக்கு வாசல். இதயத்தில் பேஸ்மேக்கர் அல்லது அதிர்ச்சி கொடுக்கும் கருவி இருந்தால் கரண்ட் கூடாது. மானிட்டரில் ஈசிஜி கோடு குழம்பி, கருவி வீணாக அலறும்; மோசமானது, உண்மையான மாற்றத்தை அந்தக் குழப்பம் மறைத்துவிடலாம். காலில் ரத்தக் கட்டி இருந்தால், முறிவு இருந்தால், தோல் புண்ணாகியிருந்தால் அங்கே தொடவே கூடாது. மார்பில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழலாம். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு அது நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து.

இவ்வளவுக்கும் மேலே, மயக்கத்தில் இருப்பவர் "வலிக்கிறது, குறையுங்கள்" என்று சொல்ல மாட்டார்.

எங்களுக்குத் தெரிந்த அக்குபங்சர் நிபுணரை உள்ளே அழைத்து வரலாமா?

வேண்டாம். இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் 2019இல் அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்று ஆணையிட்டது உண்மை. அது ஐசியூவுக்குள் வெளியாள் வந்து ஊசி போட அனுமதி இல்லை. அன்று காலை ரத்தப் பரிசோதனை என்ன சொன்னது, எந்த மருந்து எவ்வளவு ஓடுகிறது என்று தெரியாமல் யாரும் ஊசி எடுக்கக் கூடாது, எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும். ஒருமுறை பார்வை நேரத்தில் ஒருவர் சட்டைப் பையில் ஊசிப் பெட்டியோடு வந்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் வந்தார். செவிலியர் அக்கா வெளியே அழைத்துப்போய்த் தேநீர் வாங்கிக்கொடுத்து அனுப்பினார்.

மருத்துவமனையே இதை ஆய்வாகச் செய்கிறது, சேரச் சொல்கிறார்கள். என்ன செய்ய?

அது வேறு. தயங்காமல் கேட்டுவிட்டுச் சேரலாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா, இந்தியா என்றால் சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவு எண்ணைக் கேட்டால் தருவார்கள். தட்டணு எந்த அளவுக்குக் கீழே போனால் நிறுத்துவார்கள், யார் குத்துவார்கள், தினமும் செய்யும் பிசியோதெரபி குறையாதே என்று கேளுங்கள். ஒரு பைசா உங்களிடம் வாங்கக் கூடாது. ஆய்வு என்று சொல்லி "பேக்கேஜ்" கட்டணம் போட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியானால் இப்போதைக்கு என்னதான் வழி?

சலிப்பூட்டும் வழிகள்தான். மயக்க மருந்தை எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு குறைத்து, நோயாளியை விழிக்கவைத்து, உட்காரவைப்பது. 2009இல் அமெரிக்காவில் வென்டிலேட்டர் நோயாளிகள் 104 பேரிடம் செய்த ஆய்வில், தொடக்கத்திலேயே உடற்பயிற்சி கொடுக்கப்பட்டவர்களில் 59 சதவீதம் பேர் தங்கள் வேலையைத் தாங்களே பார்க்கும் நிலையில் வீடு திரும்பும் கட்டத்துக்கு வந்தார்கள். மற்றவர்களில் 35 சதவீதம். ஆனால் "அதிகமாகச் செய்தால் அதிக நன்மை" என்பதும் இல்லை. 2022இல் வெளியான 750 பேரின் சர்வதேச ஆய்வில், வழக்கத்தைவிட மும்முரமாக எழுப்பி நடக்கவைத்ததில் கூடுதல் பலன் எதுவும் இல்லை. இதயத் துடிப்பு தாறுமாறாவது, ரத்த அழுத்தம் மாறுவது போன்ற தொல்லைகள்தான் அதிகம். என் தொழிலுக்கே அது ஒரு குட்டு. வாங்கிக்கொண்டோம்.

புரதமும் அப்படித்தான். "முட்டை வெள்ளைக்கரு, புரோட்டீன் பவுடர் நிறைய ஊற்றலாமா?" என்று கேட்காதவர் இல்லை. 1,300 பேரிடம் செய்த ஆய்வு 2023இல் வந்தது: உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினமும் 2.2 கிராம் புரதமும் அதற்கு மேலும் கொடுத்ததால் சீக்கிரம் குணமாகவில்லை. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கெடுதலாகவும் தெரிந்தது. டயட்டீஷியன் சொல்லும் அளவு போதும்.

வீட்டார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவர் கண்ணாடி, காதுக்கருவி, பல்செட்டைக் கொண்டுவந்து கொடுங்கள். பார்வை நேரத்தில் இன்று என்ன கிழமை, யார் வந்திருக்கிறார்கள் என்று பேசுங்கள். குழப்பம் தெளிந்தவர்தான் "காலைத் தூக்குங்க ஐயா" என்றால் தூக்குவார். நான் எத்தனை டெக்னிக் படித்திருந்தாலும் பேத்தியின் குரலுக்கு எழுந்த காலை என் குரலுக்கு எழுப்ப முடிந்ததில்லை.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு வீட்டில் மின் அக்குபங்சர் செய்துகொள்ளலாமா?

ரத்தம் உறைவது சரியாக இருந்து, பேஸ்மேக்கர் எதுவும் இல்லாமல், பார்க்கும் டாக்டர் சரி என்றால், பயிற்சி பெற்றவரிடம், ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசியில் செய்துகொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வலி, தூக்கம் ஆகியவற்றில் சிலருக்கு ஆறுதல் கிடைக்கிறது. இணையத்தில் விற்கும் கருவியை வாங்கி நீங்களே ஊசியில் மாட்ட வேண்டாம்.

ஆனால் அதற்காகப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். கைப்பிடி உள்ள, ஆடாத நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். கையை ஊன்றி எழுந்து, மூன்று எண்ணி, மெதுவாக உட்காரச் சொல்லுங்கள். முதல் நாள் இரண்டு முறை வந்தால் போதும். காலண்டரில் அந்த எண்ணை எழுதிவையுங்கள். அடுத்த முறை என்னிடம் வரும்போது ஸ்கேனுக்கு முன்னால் நான் கேட்கப்போவது அந்தக் காலண்டரைத்தான்.